மல்லும் தழுவலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஆங்கிலத்தில் ‘ரெஸ்ஸில்’ என்றொரு வினைச்சொல் உண்டு. எழுத்தில் தலைப்பில் ஓர் எழுத்தும் நடுவில் ஓர் எழுத்தும் ஒலியாமல் ஊமையாய் நிற்கும். பள்ளிக்கூடத்து மாணவர் பலரும் அந்த ஊமை எழுத்தை ஒலித்து ‘ரெஸ்ட்லிங்’ என்பர். ஒலிப்பில் தொடங்கும் சிக்கல் பொருளில்தான் முற்றுகிறது. இருவர் ஆயுதமின்றி உடலோடு உடல் பின்னிப் பொருதுவது அதன் முதற்பொருள். ஒரு கணக்கோடு, ஒரு கவலையோடு, கடவுளோடு, தன் மனச்சான்றோடு விடாது பொருதுவதும் அதே சொல்லின் பொருளே. இதனைத் தமிழில் ‘மல்யுத்தம் செய்தான்’ என்று பெயர்த்தால் முதற்பொருள் கிடைக்கும், இரண்டாவது நகைப்புக்கிடமாகும். மனச்சான்றோடு மல்யுத்தம் செய்தான் என்று எழுதியவன் கையெழுத்துப் பிரதியைத் திரும்பப் பெற்றுக்கொள்வதே நல்லது. ‘போராடினான்’ என்றால் இரண்டாவது கிடைக்கும். உடல் காணாமற் போய்விடும்.

இச்சொல்லுக்கு உறவினர் பலர் ஆங்கிலத்தில் உளர். டஸ்ஸில், கிராப்பிள், ஸ்கஃபிள், ஸ்ட்ரகிள் என்று வரிசை நீளும். இவற்றின் பிறப்பை ஆராய்ந்தால் பலவும் உடலின் ஒவ்வொரு செயலைச் சுட்டி நிற்பது புலனாகும். ரெஸ்ஸில் என்பதன் வேர் முறுக்குதல். கையை முறுக்கிப் பறிப்பதைக் குறிக்கும் ‘ரெஸ்ட்’ என்னும் வினையினின்று பிறந்தது. டஸ்ஸில் என்பதன் வேர் பற்றி இழுத்தல். தலைமுடி கலைந்து கிடப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே குடும்பத்தது. ஸ்கஃபிள் என்பது தள்ளுதல் என்னும் பொருளுடைய வடஐரோப்பியச் சொல்லோடு உறவுடையது. கிராப்பிள் என்பதன் வேர் கொக்கி. பழைய பிரெஞ்சு மொழியில் கொக்கியைக் குறித்த சொல்லே, கொடியினின்று குலையை அக்கொக்கியால் பறித்த காரணத்தால், திராட்சைக்கும் பெயராயிற்று என்பது சொற்பிறப்பு நூலார் கருத்து. சிறுமலை அடிவாரத்துத் திராட்சைப் பந்தல்களின் கீழ் நின்று குலை நறுக்குவோர்க்குத் தங்கள் பழத்தின் ஆங்கிலப் பெயர் மல்லரின் பிடியோடு ஒரு தாய் வயிற்றுப் பிள்ளை என்று சொன்னால் நம்புவரோ என்னவோ!

இவ்வேர்களுக்கு நேரான தமிழ் எங்கே இருக்கிறது? பேரகராதிகளை விடுத்துக் காலை நாளிதழைப் பிரித்தால் போதும். இருவர் தேநீர்க்கடை வாயிலில் அடித்துக்கொண்டால் அது ‘கைகலப்பு’. காவலர்க்கும் மறியல் செய்தோர்க்கும் இடையே நேர்ந்தால் ‘தள்ளுமுள்ளு’. இரு கூட்டத்தார் எதிர்ப்பட்டால் ‘மோதல்’. வாக்கு எண்ணிக்கையில் இருவர் மாறிமாறி முன்னிலை பெற்றால் ‘இழுபறி’. செய்தியாளர் எவரும் சொற்பிறப்பியல் பயின்று இவற்றை வகுக்கவில்லை. ஆயினும் வகுப்பு மிகத் துல்லியமானது. ஸ்கஃபிள் என்பதன் வேர் தள்ளுதல் என்றால், தமிழிலும் அது தள்ளுமுள்ளே. டஸ்ஸில் என்பதன் வேர் இழுத்தல் என்றால், இழுத்தலும் பறித்தலும் கூடிய இழுபறியே அதன் நேர்ப்பெயர். ஆங்கிலச் செய்தித்தாள் பதவிப் போட்டியை டஸ்ஸில் என்று எழுதும்போது உடல் எவ்வாறு மறைந்துபோகிறதோ, அவ்வாறே தமிழ் நாளிதழின் இழுபறியிலும் மறைந்துபோகிறது. ‘கைகலப்பு’ என்பது இவற்றுள் அழகிய சொல். கலத்தல் தமிழில் இனிய வினை. உள்ளம் கலத்தல், உயிர் கலத்தல் என்று காதலுக்கும் பக்திக்கும் உரியது. ஒருவன் மூக்கில் மற்றவன் குத்துவதை ‘கை கலந்தனர்’ என்று சொன்ன முதல் மனிதனிடம் நகைச்சுவை உணர்வு சற்று மிகுந்திருக்க வேண்டும்.

ஆங்கிலச் சொற்களின் வால்களும் கவனிக்கத்தக்கவை. பெரும்பாலான அச்சொற்கள் ‘இல்’ போன்ற ஓர் ஈற்றொலியில் முடிகின்றன. அந்த ஈறு ஒரு செயல் ஒருமுறை நிகழ்ந்து முடியாது மீண்டும் மீண்டும் நிகழ்வதைக் காட்டும் இடைநிலை. முறுக்குதல் ஒருமுறை, முறுக்கி முறுக்கிப் பொருதல் ரெஸ்ஸில். (கொக்கியினின்று வந்த கிராப்பிள் என்பதன் ஈறு வேறு வரலாறு உடையது. ஆயினும் கேட்போர் செவியில் அதுவும் இக்கூட்டத்தில் சேர்ந்துவிட்டது.) தமிழில் இப்பணியைச் செய்வது ‘ஆடு’ என்னும் துணைவினை. போராடு, மல்லாடு, வாதாடு, மன்றாடு, அல்லாடு, தள்ளாடு, திண்டாடு என்று வரிசை எளிதில் நீளும். போர் புரிதல் வேறு, போராடுதல் வேறு. முன்னதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. பின்னது அசைந்தும் பெயர்ந்தும் நீளும். ஆட்டம் என்பது அசைவு, கூத்து, விளையாட்டு என்னும் மூன்றையும் குறிக்கும் சொல்லாகையால், தமிழின் போராட்டங்கள் யாவும் ஒரு துளி கூத்தையும் உடன் சுமந்தே வருகின்றன. ‘திண்டாடு’ என்பதை இவ்வூரில் எடுத்துரைத்தால் அவையில் சிரிப்பெழுவது இயல்பு. திண்டு போலத் தோன்றும் பாறையால் பெயர்பெற்ற ஊருக்கும் திண்டாட்டத்துக்கும் ஒலியொப்புமை அன்றி உறவு காட்டச் சான்றில்லை. சிரித்துவிட்டு மேலே செல்லலாம்.

‘போராட்டம்’ என்னும் சொல்லில் உடல் தேய்ந்து போனதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று விவிலிய மொழிபெயர்ப்பு. ஆதியாகமத்தின் 32-ஆம் அதிகாரத்தில் யாக்கோபு யாப்போக்கு ஆற்றங்கரையில் இரவு முழுதும் ஓர் அறியா மனிதனோடு பொருதுகிறான். தொடைச்சந்து சுளுக்கிக் கொள்கிறது. விடியலில் புதிய பெயர் பெறுகிறான். ஆங்கில விவிலியம் ரெஸ்ஸில் என்று சொல்லும் இவ்விடத்தில் பழைய தமிழ் விவிலியம் போராடுதல் என்று சொல்லும். எபிரேய மூலத்திலுள்ள வினை புழுதி என்னும் சொல்லோடு தொடர்புடையது என்பது பலர் கொள்கை. அஃதாவது, இருவரும் புழுதியில் புரண்டனர். அவ்வினைக்கும் தழுவுதல் என்னும் எபிரேய வினைக்கும் ஒலி நெருக்கம் மிகுதி. அடுத்த அதிகாரத்திலேயே, பகைகொண்ட அண்ணன் ஏசா ஓடிவந்து யாக்கோபைத் தழுவிக்கொள்கிறான். இரவில் புழுதிப் புரளல், பகலில் தழுவல். மூலத்தில் செவியால் உணரப்படும் இப்பின்னல் தமிழிலும் ஆங்கிலத்திலும் அறுந்துவிட்டது.

மற்போருக்குத் தமிழில் சொல் இல்லாமையால் இவ்வாறு நேர்ந்ததா என்றால், இல்லை. மல் என்னும் சொல் வலிமையையும் உடற்போரையும் ஒருங்கே குறிக்கும். 7-ஆம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்று பெயர் பூண்டான். பெருமல்லன் என்பதே அதன் பொருள். இன்று மாமல்லபுரம் செல்வோர் ஒரு மற்போர் வீரனின் பட்டப்பெயரையே பயணச்சீட்டில் வாங்குகின்றனர். அதனினும் தொன்மையான சான்று புறநானூற்றில் உள்ளது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி முக்காவனாட்டு ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைச் சாத்தந்தையாரும், பெருங்கோழிநாய்கன் மகள் நக்கண்ணையாரும் பாடியுள்ளனர். 80 முதல் 85 வரையிலான பாட்டுகள் அவை. அரசன் பெயரிலேயே ‘போரவை’ நிற்கிறது. மற்போர் பயிலும் களத்தையும் அதனைச் சூழ்ந்த அவையையும் ஒருசொல்லில் அடக்கிய பெயர் அது. பிற்காலத்தில் ‘கோதா’ வழக்கிற்கு வந்து, ‘கோதாவில் இறங்கினான்’ என்பது தேர்தல் மேடைவரை செல்ல, போரவை ஏட்டிலேயே தங்கிவிட்டது.

அப்பாட்டுகளை மற்போர் தெரிந்தவர் படித்தால் வியப்பர். ஒரு முழந்தாள் எதிரியின் மார்பில் ஊன்றியிருக்க, மற்றொரு கால் அவன் செய்யும் எதிர்ப்பிடியைத் தடுத்துப் பின்புறம் வளைந்திருக்கும் நிலையை 80-ஆம் பாட்டு ஒரு நிழற்படம் போலக் காட்டும். 82-ஆம் பாட்டின் உவமையோ வேறு வகை. ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், வானில் மழை, பொழுதும் சாய்கிறது, இந்நிலையில் ஒரு தொழிலாளி தோல்வாரால் கட்டில் பின்னுகிறான். வாரைச் செலுத்தும் அவன் ஊசி எவ்வளவு விரைந்து பாயும்! அதனினும் விரைவாக நடந்து முடிந்தது இப்போர் என்கிறார் புலவர். தோல் பதனிடும் தொழில் அறிந்த திண்டுக்கல்லார்க்கு இவ்வுவமையின் அருமை உரையாசிரியரினும் நன்கு விளங்கும். மலையையோ இடியையோ அரசனுக்கு உவமை தேடாமல், கூலிக்குக் கட்டில் பின்னுவோன் கையைத் தேடிய துணிவு அப்புலவருடையது.

நக்கண்ணையார் பாட்டுகள் ஒரு பெண்ணின் பார்வையில் அமைந்தவை. ஊரார் ஒரு சாரார் அவன் வென்றான் என்கின்றனர். ஒரு சாரார் இல்லை என்கின்றனர். அவளோ பனைமரத்தில் சாய்ந்து நின்று அவன் வென்றதைத் தன் கண்ணால் காண்கிறாள். மற்றொரு பாட்டில், தாய்க்கு அஞ்சுகிறாள், அவனைத் தழுவ விழைகிறாள், அவைக்கு நாணுகிறாள். அங்கே அவள் விழையும் செயலுக்கு ‘முயங்கல்’ என்று பெயர். பகைவனை இறுக்கிய அதே தோள்களே அவள் முயங்க விழையும் தோள்கள். மற்பிடியும் காதற்பிடியும் ஒரே தோளில் ஒரே பாட்டில் வந்து நிற்கின்றன.

குஸ்தி, பயில்வான் என்னும் சொற்கள் பாரசீகத்தினின்று உருது வழியே வந்தவை. 1755-இல் ஐதர் அலி இப்பகுதியின் பௌஜ்தாராக அமர்ந்தது முதல், 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இந்நாடு ஆங்கிலக் கும்பினியார் கைக்குச் செல்லும்வரை, மைசூராரின் ஆட்சி இங்கு ஓங்கியிருந்தது. பேகம்பூர்த் தெருக்களில் இன்றும் உருது ஒலிக்கிறது. ‘பகல்வான்’ என்னும் அயற்சொல் தமிழ் நாவில் ‘பயில்வான்’ ஆனபோது, ‘பயில்’ என்னும் வினை அதற்குள் குடிபுகுந்தது போலாயிற்று. பயின்று பயின்று உடல் உரமேறியவன் பயில்வான், பொருத்தமான தவறு. மேல்நாட்டிலிருந்து வந்ததோ ஒரு தனிமனிதரின் பெயர். 1905-ஆம் ஆண்டையொட்டி இந்தியாவில் உடல்வலிமைக் காட்சிகள் நடத்திய யூஜின் சாண்டோவின் பெயர் தமிழகத்தில் பட்டமாயிற்று. படத்தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவர் அதனைத் தம் பெயரின் முன் தாங்கியவர்.

பிடிவகைகளுக்கு ஆங்கில மற்போரில் ‘லாக்’ என்று பெயர். கையைப் பின்னி அசையவொட்டாமல் செய்வது கைப்பூட்டு, கழுத்தை அவ்வாறு செய்வது கழுத்துப்பூட்டு. வர்மக்கலை மரபிலும் பிடி, பூட்டு என்பன வழங்கும் சொற்களே. இரும்புப் பூட்டால் பேர்பெற்று 2019-இல் புவிசார் குறியீடும் பெற்ற ஊரில் இச்சொல்லை விளக்குவது மிகை. ஆயினும் ஒன்று சொல்லத்தக்கது. தமிழில் பூட்டுதல் என்பது கதவை அடைப்பதற்கு மட்டும் உரியதன்று. ஏர் பூட்டுவர், வண்டி பூட்டுவர், வில்லில் நாண் பூட்டுவர், நகை பூட்டுவர். இவை யாவற்றிலும் இரண்டு பொருள்கள் இணைந்து ஒரு செயலுக்கு ஆயத்தமாகின்றன. மாங்காய்ப் பூட்டின் நாக்கு உள்ளே விழும் ஓசையில் இணைப்பும் தடையும் ஒன்றாகவே கேட்கின்றன. மற்போர்ப் பூட்டிலும் அவ்வாறே: பூட்டியவனும் அவிழ்க்கும்வரை நகர முடியாது.

இங்குதான் ‘தழுவு’ என்னும் வினை குறுக்கிடுகிறது. கலித்தொகையின் முல்லைக்கலியில் ஆயர் ஏறு தழுவும் பாட்டுகள் உள்ளன. கொல்லும் ஏற்றின் கொம்புக்கு அஞ்சுவோனை ஆயமகள் மறுபிறப்பிலும் தழுவாள் என்பது அவற்றுள் ஒன்றின் கருத்து. அவன் ஏற்றைத் தழுவ வேண்டும். தழுவினால்தான் அவள் அவனைத் தழுவுவாள். ஆங்கிலத்தில் பெயர்ப்போர் முன்னதற்கு ஒரு சொல்லும் பின்னதற்கு வேறொரு சொல்லும் இடவேண்டிய நிலை. இட்டதும் பாட்டின் கணக்கு தவறிப்போகும். தழுவு என்னும் வினைக்கு இன்னும் விரிவுண்டு. நாடகத்தில் தழுவல், சமயம் தழுவுதல், உலகு தழுவிய பார்வை, இலக்கணத்தில் தழாத்தொடர் என்று அது செல்லாத இடமில்லை. பிறமொழி நூலைத் தழுவி எழுதுவோர்க்கு அச்சொல்லின் மற்பொருளும் நினைவிலிருந்தால் தழுவல்கள் சற்றுச் செம்மையாக அமையக்கூடும்.

மதுரை, திண்டுக்கல் வட்டாரப் பேச்சில் ஏறுதழுவலுக்கு வழங்கும் வினை ‘அணைதல்’. மாடு அணைபவன் என்பர். அணைத்தலும் அணுகலும் அச்சொல்லுள் உண்டு. சி.சு. செல்லப்பா (1912-1998) வத்தலக்குண்டில் வளர்ந்தவர், பி.ஆர். ராஜமய்யரையும் பி.எஸ். ராமையாவையும் தந்த ஊர் அது. அவருடைய ‘வாடிவாசல்’ குறுநாவல் 1959-இல் வெளிவந்தது. அதில் பிச்சி, தன் தந்தையைக் குத்தி வீழ்த்திய காளை ஜமீன்தாருடைய காரியோடு மோதுகிறான். வென்றவன் மாட்டையும் மாடு அவனையும் அறிகின்ற அந்தச் சில நொடிகளே கதை. தோற்ற காரியைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்துவது அதனை அணையவே துணியாத ஜமீன்தார். 2013-இல் என். கல்யாணராமன் இதனை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது தமிழ்ப் பெயரை அவ்வாறே நிறுத்தி, அதனருகே ‘அரீனா’ என்னும் சொல்லைச் சேர்த்தார். அரீனா என்பது இலத்தீனில் மணல். உரோமர் களத்தில் பரப்பிய மணலே களத்துக்கு ஆகுபெயராயிற்று. நல்ல தேர்வுதான்; எனினும் ஒரு வேறுபாடு உளது. வாடிவாசல் என்பது காளை வெளிப்படும் வாயில். அரீனா என்பது மனிதர் இறங்கும் தரை. தமிழ்த் தலைப்பு காளையின் பக்கமிருந்து பார்க்கிறது.

சொல்லாராய்ச்சி புலவர்க்கு மட்டுமே உரியது என்று கருதுவோர்க்கு அண்மைக்கால வரலாறு மறுமொழி தரும். 2011-இல் நடுவணரசு, பழக்கி வித்தை காட்டக்கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7 அன்று உச்சநீதிமன்றம் சல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. அத்தீர்ப்பில் நீதிபதிகள் தமிழ்ச் சொல்லாராய்ச்சியிலும் இறங்கினர். சல்லி என்பது காசு, கட்டு என்பது முடிப்பு. ஏறுதழுவல் என்பது தமிழ் மரபில் காளையைத் தழுவுவதே, அதனை மேற்கொண்டு அடக்குவதன்று என்று எழுதினர். தழுவு என்னும் ஒரு வினையின் பொருள், தென் மாவட்டங்களின் வாடிவாசல்களை அடைத்தது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது; ஆயினும் வழக்கின் தராசில் அச்சொல்லும் ஓர் எடைக்கல்லாக இருந்தது. வழக்காடியோர் இருதரப்பும் ஆங்கிலத்திலேயே பேசினர். ‘அடக்குதல்’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் ஒருபக்கம், ‘அணைத்தல்’ என்னும் பொருளுடையது மறுபக்கம். நடுவே நிற்கத்தக்க ரெஸ்ஸில் என்னும் சொல்லுக்கு அங்கே இடம் அமையவில்லை.

இடையில் ஓர் இலக்கணக் குறிப்பு. ஆங்கிலத்தில் ரெஸ்ஸில் என்னும் வினையோடு வரும் இடைச்சொல் ‘வித்’. இன்று ‘உடன்’ என்று பொருள்படும் அச்சொல் பழைய ஆங்கிலத்தில் ‘எதிர்’ என்றே பொருள்பட்டது. தமிழின் மூன்றாம் வேற்றுமை ‘ஓடு’ உருபும் இவ்விருபொருளையும் தாங்கும். நண்பனோடு நடந்தான், நண்பனோடு சண்டையிட்டான். மாட்டை அடக்கினான் எனும்போது மாடு இரண்டாம் வேற்றுமையில் செயப்படுபொருளாய்ச் சாய்ந்துகிடக்கிறது. மாட்டோடு மல்லுக்கட்டினான் எனும்போது எழுந்து நிற்கிறது.

2017 சனவரியில் மெரினாவிலும் அலங்காநல்லூரிலும் மதுரையிலும் தமிழகத்தின் பிற ஊர்களிலும் இளைஞர் திரண்டதும், அம்மாதம் 21-ஆம் நாள் அவசரச் சட்டமும் 23-ஆம் நாள் பேரவையில் திருத்தச் சட்டமும் வந்ததும் யாவரும் அறிந்தன. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அச்சட்டத்தை ஏற்றது. பண்பாட்டு மரபா அன்றா என்று முடிவு செய்யும் பொறுப்பைச் சட்டமன்றத்துக்கே விட்டது. இன்று கொசவபட்டி, புகையிலைப்பட்டி, தவசிமடை, உலகம்பட்டி முதலிய ஊர்களின் வாடிவாசல்களில் காளைகள் மீண்டும் பாய்கின்றன. இவற்றுள் பல, தேவாலயத் திருவிழாவையொட்டி நடப்பவை. யாக்கோபின் கதை வாசிக்கப்படும் கோயிலின் அருகே இளைஞர் புழுதியில் புரள்கின்றனர். திமிலைத் தவிர கொம்பையோ வாலையோ பற்றலாகாது என்பது விதி. விதியே தழுவலை உறுதி செய்கிறது. திமிலைப் பற்றுவோன் காளையின் கழுத்தோடு தன் மார்பைச் சேர்த்தே ஆகவேண்டும், வேறு வழியில்லை.

திருத்தச் சட்டம் சல்லிக்கட்டுக்குத் தரும் விளக்கத்தைக் கவிஞர்கள் ஒருமுறை படித்துப் பார்ப்பது நன்று. மரபையும் பண்பாட்டையும் பின்பற்றும் நோக்கில், சனவரி முதல் மே வரை, அரசு அறிவிக்கும் நாள்களிலும் இடங்களிலும், காளைகள் பங்குபெற நடத்தப்படும் நிகழ்ச்சி என்பது அதன் சாரம். மஞ்சுவிரட்டும் வடமாடும் எருதுவிடும் விழாவும் அதனுள் அடங்கும். காளை இருக்கிறது, காலம் இருக்கிறது, களம் இருக்கிறது. மனிதன் காளையை என்ன செய்கிறான் என்பதற்கு ஒரு வினைச்சொல் அதில் இல்லை. அடக்குதல் என்றெழுதினால் ஒரு வழக்கு, தழுவுதல் என்றெழுதினால் மற்றொரு வழக்கு என்று சட்டம் வரைந்தோர் அஞ்சியிருக்கக்கூடும். அவ்விடம் இன்னும் வெற்றிடமாகவே கிடக்கிறது. அதற்குரிய வினை, நத்தம் சாலையில் மாட்டைக் கயிற்றில் பிடித்து நடத்திச் செல்வோர் வாயில் நாள்தோறும் வழங்குகிறது.